சிரிப்பு வாயுப் படத்தில் இருப்பவர் யார்?

ஜேம்ஸ் கில்ரே 1802ஆம் ஆண்டு வெளியிட்ட கேலிச்சித்திரம் ஒன்று, லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் அறிவியல் நிறுவனத்தில் நடக்கும் விரிவுரையைக் காட்டுகிறது. நீண்ட மேசையின்மேல் குடுவைகளும் குழாய்களும் நிறைந்திருக்கின்றன. மேசைக்குப் பின்னால் நிற்கும் விரிவுரையாளர், ஒரு கனவானின் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் வாயில் குழாயைச் செருகி வாயுவைச் செலுத்துகிறார். வாயில் புகுந்த வாயு அந்தக் கனவானின் பின்புறம் வழியாக, கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு தீயும் புகையுமாக வெடித்துக் கிளம்புகிறது. பக்கத்தில் ஓர் இளைஞர் கையில் துருத்தியுடன் குறும்பாகச் சிரித்தபடி நிற்கிறார். மேசையைச் சுற்றிப் பட்டும் தொப்பியும் அணிந்த சீமான்களும் சீமாட்டிகளும் அரைவட்டமாக அமர்ந்திருக்கிறார்கள். சிலர் கருத்தாகக் குறிப்பெடுக்கிறார்கள். வலப்பக்கம் கதவோரமாக ஒருவர் நின்று எல்லாவற்றையும் மனநிறைவோடு பார்த்துப் புன்னகைக்கிறார்.

“அறிவியல் ஆராய்ச்சிகள்! வாயுவியலில் புதிய கண்டுபிடிப்புகள்! அல்லது காற்றின் ஆற்றல் பற்றிய ஒரு செயல்முறை விரிவுரை” என்பது படத்தின் தலைப்பு. படத்தில் உள்ள எவருடைய பெயரையும் அந்தத் தலைப்பு சொல்வதில்லை. வேதியியல் வரலாறு, மயக்கமருந்தின் வரலாறு, பிரிட்டிஷ் சமூக வரலாறு என்று பல துறை நூல்களில் இந்தப் படம் அச்சாகியிருக்கிறது. நடுவில் நிற்கும் விரிவுரையாளர் யார் என்பதில்தான் அந்த நூல்கள் ஒத்துப்போவதில்லை. சிலவற்றில் அவர் மருத்துவர் தாமஸ் கார்னெட். வேறு சிலவற்றில் இயற்பியலாளர் தாமஸ் யங். மேலோட்டமாக எழுதப்பட்ட குறிப்புகளில் அவர் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியாகவே ஆகிவிடுகிறார்.

பழைய கேலிச்சித்திரம் ஒன்றில் இருப்பவரை அடையாளம் காண்பது முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் வேலையன்று. தேதி, இடம், ஆவணம், அடையாளச் சின்னம் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்து முடிவுக்கு வரும் வேலை அது. கில்ரேயின் இந்தப் படம் அதற்குத் தக்க பாடமாக அமைந்திருக்கிறது.

பெயர் ஏன் எழுதப்படவில்லை?

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் லண்டனில் கேலிச்சித்திரங்கள் தனித் தாள்களாக விற்பனையாயின. செம்புத் தகட்டில் மெழுகுப் பூச்சின்மேல் கீறி, அமிலத்தால் அரித்து, மை தடவி அச்சிட்ட தாள்கள் அவை. கடையின் கண்ணாடி சன்னலில் புதுப் படம் தொங்கியதும் தெருவில் கூட்டம் கூடும். வாங்குபவர்கள் பெரும்பாலும் மேட்டுக்குடியினர். படத்தில் இடம்பெறுவோரும் அதே வட்டாரத்தினர். நாடாளுமன்றத்திலும் நாடக அரங்கிலும் விருந்து மண்டபங்களிலும் தினமும் பார்த்துப் பழகிய முகங்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டிய தேவை ஓவியருக்கு இருக்கவில்லை.

சட்ட அச்சமும் ஒரு காரணம். முழுப் பெயரை எழுதினால் அவதூறு வழக்கு வரலாம். அதனால் பெயர் எழுத நேர்ந்தபோதும் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் வைத்து நடுவில் கோடு இழுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. யாரைச் சொல்கிறார்கள் என்பது படிப்பவர் எல்லோருக்கும் தெரியும். நீதிமன்றத்தில் நிரூபிப்பதுதான் கடினம்.

அந்தத் தலைமுறை மறைந்தபோது படங்கள் மிஞ்சின, அவற்றைப் படிக்கும் திறவுகோல் தொலைந்தது.

ஓவியர் விட்டுச்செல்லும் அடையாளங்கள்

கேலிச்சித்திரக்காரர் ஒருவரைப் பல வழிகளில் சுட்டுகிறார். முதல் வழி முகத்தின் சுருக்கெழுத்து. பிரதமர் இளைய வில்லியம் பிட் என்றால் ஒல்லியான உடலும் கூர்ந்த மூக்கும். அவரை எதிர்த்த சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்றால் பருத்த உடலும் அடர்ந்த கரும்புருவமும் மழிக்காத தாடையும். எட்மண்ட் பர்க் என்றால் நீண்ட மூக்கும் அதன்மேல் மூக்குக்கண்ணாடியும். ஓர் ஓவியர் கண்டுபிடித்த சுருக்கத்தை மற்றவர்களும் எடுத்தாள்வார்கள். சில ஆண்டுகளில் அது எல்லோருக்கும் பொதுவான குறியாகிவிடும்.

இரண்டாவது வழி பெயரை வைத்து ஆடும் விளையாட்டு. 1760களில் பியூட் பிரபுவை வரைய வேண்டிய இடத்தில் ஒரு பூட்ஸை வரைந்தார்கள். பூட்ஸையும் பெண்ணின் பாவாடையையும் அருகருகே வைத்துவிட்டால், பியூட்டையும் மன்னரின் தாயார் இளவரசி அகஸ்டாவையும் இணைத்து ஊர் பேசிய வதந்தி படமாகிவிடும். மனித முகமே இல்லாத படத்திலும் இரண்டு பேரை அடையாளம் காண முடிந்தது.

மூன்றாவது வழி ஒருவருடைய தொழிலையும் பட்டத்தையும் குறிக்கும் பொருள்கள். 1772 ஜூலையில் டார்லி என்ற படக்கடை வெளியிட்ட படம் ஒன்றில், பகட்டாக உடுத்திய ஒருவர் இரண்டு உருண்டைகளின்மேல் ஒவ்வொரு கால் ஊன்றி நின்று பட்டாம்பூச்சியைப் பிடிக்க முயல்கிறார். உருண்டைகள் பூமியின் இரு துருவங்களைக் குறிப்பவை. பெயர் இல்லை. ஆயினும் கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் 1768 முதல் 1771 வரை உலகைச் சுற்றிவந்து பூச்சிகளையும் செடிகளையும் சேகரித்த செல்வந்தர் ஜோசப் பேங்க்ஸைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் படம் பொருந்தாது. அதே மாதத்தில் அதே கடையிலிருந்து வந்த செடி பறிக்கும் பகட்டுக்காரரின் படம், பேங்க்ஸுடன் பயணம் செய்த தாவரவியலாளர் டேனியல் சோலாண்டரைக் குறித்தது. இரண்டு படங்களும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன.

அதே பேங்க்ஸை 1795 ஜூலை 4 தேதியிட்ட படத்தில் கில்ரே ஒரு கம்பளிப்புழுவிலிருந்து வெளிப்படும் பட்டாம்பூச்சியாக வரைந்தார். பட்டாம்பூச்சியின் மார்பில் பாத் என்னும் வீரர் விருதின் நட்சத்திரமும் செந்நிற நாடாவும் துலங்குகின்றன. பேங்க்ஸுக்கு அந்த விருது வழங்கப்பட்டது 1795 ஜூலை 1ஆம் தேதி. சின்னமும் தேதியும் மூன்று நாள் இடைவெளியில் பொருந்தும்போது ஐயத்துக்கு இடமில்லை.

ஆராய்ச்சியாளர் பார்க்கும் வரிசை

ஒரு படத்தை எடுத்துக்கொள்ளும் ஆராய்ச்சியாளர் முதலில் அதன் அடிவரியைப் படிக்கிறார். செதுக்கோவியங்களுக்குப் பதிப்புரிமை தந்த 1735ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு வேண்டுமானால் தகட்டிலேயே உரிமையாளரின் பெயரும் வெளியீட்டுத் தேதியும் இருக்க வேண்டும் என்று விதித்தது. ஓவியர் வில்லியம் ஹோகார்த் முன்னின்று முயன்று பெற்ற சட்டம் என்பதால் அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. அச்சிட்டவர் தம் உரிமையைக் காக்கச் செய்த இந்த ஏற்பாடு, வரலாற்றாசிரியர்களுக்குப் பெரும் கொடையாக அமைந்துவிட்டது. நாள், மாதம், ஆண்டு மூன்றும் தெரிந்தால் அந்த வாரத்தில் லண்டன் எதைப் பேசிக்கொண்டிருந்தது என்று செய்தித்தாள்களைப் புரட்டிப் பார்க்கலாம். அந்தத் தேதியில் ஊரில் இல்லாதவர்களையும் பதவியில் இல்லாதவர்களையும் கேள்விக்கு உட்படுத்தலாம்.

இரண்டாவதாக, கையிலிருப்பது எந்தக் காலத்து அச்சு என்று தீர்மானிக்க வேண்டும். வெற்றி பெற்ற தகடுகள் பலமுறை அச்சாயின. கில்ரேயின் மூலத் தகடுகள் கைமாறி, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹென்றி போன் என்ற பதிப்பாளரால் மீண்டும் அச்சிடப்பட்டன. வண்ணத்தையும் சான்றாகக் கொள்ள முடியாது. அச்சான தாளுக்குக் கடைப் பணியாளர்கள் கையால் வண்ணம் தீட்டினார்கள். ஒரு பிரதியில் நீலமாக இருக்கும் மேலங்கி இன்னொரு பிரதியில் பழுப்பாக இருக்கும்.

மூன்றாவது, அந்தக் காலத்தவர் எழுதிவைத்த குறிப்புகள். படங்களைச் சேகரித்தவர்கள் சிலர் ஓரத்தில் மையால் பெயர்களை எழுதிவைத்தார்கள். எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் அப்படிச் செய்தவர்களில் முக்கியமானவர். ஜெர்மனியின் வைமர் நகரிலிருந்து 1798 முதல் வெளிவந்த ‘லண்டன் உண்ட் பாரிஸ்’ என்ற இதழ், கில்ரேயின் படங்களை நகலெடுத்து, அவற்றில் யார் யார் இருக்கிறார்கள், எதற்காகச் சிரிக்க வேண்டும் என்று ஜெர்மானிய வாசகர்களுக்கு விளக்கியது. வெளிநாட்டாருக்காக எழுதப்பட்டதால், லண்டன்காரர்கள் சொல்லாமலே புரிந்துகொண்டதை அது சொல்லிவைத்தது.

நான்காவது, பின்னாளில் தொகுக்கப்பட்ட விளக்க நூல்கள். தாமஸ் ரைட்டும் ஆர். எச். எவான்ஸும் சேர்ந்து எழுதிய கில்ரே விளக்கம் 1851இல் வந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள அரசியல், சமூகக் கேலிச்சித்திரங்களுக்கு விரிவான பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 1870 முதல் 1883 வரை வெளிவந்த தொகுதிகளை ஃபிரெடரிக் ஜார்ஜ் ஸ்டீஃபன்ஸ் எழுதினார். 1771 முதல் 1832 வரை வெளியான படங்களை வரலாற்றாசிரியர் மேரி டொரத்தி ஜார்ஜ் ஏற்றுக்கொண்டு, 1935க்கும் 1954க்கும் இடையில் ஏழு தொகுதிகளாக முடித்தார். மொத்தம் 17,000க்கு மேற்பட்ட பதிவுகள். ஒவ்வொரு படத்திலும் உள்ள ஆட்களையும் சொற்களையும் சூழலையும் சலிக்காமல் விவரித்த அவருடைய உழைப்பின்மேல்தான் இந்தத் துறை இன்றும் நிற்கிறது.

முக ஒப்பீடு கடைசியாகவே வர வேண்டும். கேலிச்சித்திரம் முகத்தை வேண்டுமென்றே கோணலாக்குவது. கோணலாக்கிய முகத்தை, அழகாக்கி வரையப்பட்ட எண்ணெய் ஓவியத்தோடு ஒப்பிடும்போது, காண விரும்பியதையே கண் காணும். இந்த ஆபத்தை நீதிமன்றத்திலேயே விளக்கிக் காட்டியவர் பிரெஞ்சுப் பதிப்பாளர் சார்ல் ஃபிலிபோன். மன்னர் லூயி ஃபிலிப்பை இழிவுபடுத்தியதாக 1831 நவம்பரில் பாரிஸில் அவர்மேல் வழக்கு நடந்தது. அவர் நான்கு கோட்டுப் படங்களைக் காட்டினார். முதல் படம் மன்னரின் முகம். அடுத்தடுத்து சிறிது சிறிதாக மாறி, நான்காவது வெறும் பேரிக்காய். ஒப்புமைதான் குற்றம் என்றால் முதல் படத்தில் தொடங்கிப் பேரிக்காய்வரை எல்லாவற்றையும் தண்டிக்க வேண்டியிருக்கும் என்பது அவருடைய வாதம். நீதிமன்றம் அவருக்கு ஆறு மாதச் சிறையும் 2,000 ஃபிராங்க் அபராதமும் விதித்தது. ஆனால் ஒப்புமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாராலும் கோடு கிழிக்க முடியாது என்ற அவருடைய வாதம் அடையாளம் காணும் ஒவ்வொருவருக்கும் எச்சரிக்கையாக நிற்கிறது.

உறுதியான ஆட்கள்

கில்ரேயின் படத்துக்கு வருவோம். அடிவரி 1802 மே 23 என்று தேதி சொல்கிறது. வெளியிட்டவர் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் கடை நடத்திய ஹன்னா ஹம்ப்ரி. கில்ரே அந்தக் கடையின் மாடியிலேயே குடியிருந்தார். ராயல் இன்ஸ்டிட்யூஷன் இருந்த ஆல்பெமார்ல் தெரு அங்கிருந்து சில நிமிட நடைதான். தெருவில் கண்ட முகங்களைச் சிறு அட்டைகளில் குறித்துக்கொள்ளும் பழக்கம் உள்ள கில்ரேயால் அந்த நிறுவனத்துக்கு வந்துபோகிறவர்களை எளிதாகப் பார்த்திருக்க முடியும்.

கதவோரம் நிற்பவர் ரம்ஃபோர்டு பிரபு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பெஞ்சமின் தாம்சனாகப் பிறந்து, பவேரியாவில் பிரபுப் பட்டம் பெற்று, 1799இல் ராயல் இன்ஸ்டிட்யூஷன் தோன்ற மூலகாரணமாக இருந்தவர். புகையைக் குறைத்து வெப்பத்தைக் கூட்டும் கணப்படுப்பை வடிவமைத்தவர் என்று வீடுதோறும் அறியப்பட்டவர். 1800 ஜூனில் கில்ரே வெளியிட்ட இன்னொரு படத்தில், அந்தக் கணப்படுப்புக்கு முன் மேலங்கியின் வாலைத் தூக்கிக்கொண்டு குளிர்காய்பவராக அவர் வருகிறார். அந்தப் படத்தின் தலைப்பிலேயே ரம்ஃபோர்டின் பெயர் இருக்கிறது. பெயர் எழுதப்பட்ட படத்திலுள்ள முகத்தைக் கொண்டு பெயர் எழுதப்படாத படத்திலுள்ள முகத்தை அடையாளம் காண்பது, அதுவும் இரண்டையும் வரைந்தவர் ஒருவரே என்னும்போது, மிக வலுவான சான்று.

துருத்தி பிடித்திருக்கும் இளைஞர் ஹம்ஃப்ரி டேவி. 1778இல் கார்ன்வாலின் பென்சான்ஸில் பிறந்தவர். பிரிஸ்டலில் தாமஸ் பெடோஸ் நடத்திய வாயு மருத்துவ நிறுவனத்தில் நைட்ரஸ் ஆக்ஸைடைத் தாமே முகர்ந்து ஆராய்ந்து, 1800இல் அதைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். ஜோசப் பிரீஸ்ட்லி 1772இல் முதன்முதலாகத் தயாரித்த அந்த வாயுதான் பின்னாளில் சிரிப்பு வாயு எனப் பெயர்பெற்றது. டேவி 1801 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பணியில் சேர்ந்தார். அதே ஆண்டு ஜூனில் அவர் நடத்திய விரிவுரையில் வந்திருந்தவர்கள் அந்த வாயுவை முகர்ந்து பார்த்தார்கள். வாயு, துருத்தி, இளமை, நிறுவனம் ஆகிய நான்கும் அவரையே சுட்டுகின்றன.

வாயுவைக் குடித்து வெடிக்கும் கனவான் சர் ஜான் காக்ஸ் ஹிப்பிஸ்லி. இவருக்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. கிழக்கிந்திய கம்பெனியின் சென்னை மாகாணப் பணிக்கு 1786இல் வந்து, தஞ்சாவூரில் பொறுப்பு வகித்து, 1789இல் இங்கிலாந்துக்குத் திரும்பியவர். பிறகு நாடாளுமன்ற உறுப்பினரானார். 1796இல் பாரனெட் பட்டம் பெற்றார். ராயல் இன்ஸ்டிட்யூஷனின் நிர்வாகிகளில் ஒருவராகவும் இருந்தார். பல விஷயங்களில் முனைப்போடு தலையிடும் மனிதர் என்பதால் கேலிக்கு ஏற்றவர்.

ஹிப்பிஸ்லியை அடையாளப்படுத்தும் சான்று முகத்தில் இல்லை. ஒரு டைரியில் இருக்கிறது. அரசியல் விருந்துகளுக்குப் பெயர்பெற்ற லேடி ஹாலந்து, 1800 மார்ச்சில் தம் டைரியில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் நடந்த வேடிக்கை ஒன்றைக் குறித்துவைத்தார். புதிய வாயுவை முதலில் ஒரு பருத்த மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மந்தமாக இருக்கிறது என்று மட்டும் அவர் சொன்னார். அடுத்து வந்தவர் காக்ஸ் ஹிப்பிஸ்லி. வாயு அவரை எழுப்பிவிட்ட விதத்தைக் கண்டு பெண்கள் கூச்சத்தோடு சிரித்து, போதும் போதும் என்று கையுயர்த்தினார்கள்.  இந்த டைரி அச்சில் வந்தது 1908இல்தான். அதற்குமுன் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்த பட விளக்கங்கள் ஹிப்பிஸ்லியின் பெயரைச் சொல்லிவிட்டன. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுத வாய்ப்பில்லாத இரண்டு சான்றுகள் ஒரே பெயரில் வந்து சேருகின்றன.

கூட்டத்தில் அமர்ந்திருப்போருக்கும் பெயர்கள் சொல்லப்படுகின்றன. எழுத்தாளர் ஐசக் டிஸ்ரேலி, ஸ்டான்ஹோப் பிரபு, கவிஞர் வில்லியம் சோத்பி, சர் ஹென்றி இங்கிள்ஃபீல்டு ஆகியோர் அவர்களில் சிலர். இவர்களில் பலருக்குப் பழைய விளக்கங்களே ஆதாரம். ஆகவே ரம்ஃபோர்டுக்கும் ஹிப்பிஸ்லிக்கும் தரும் அதே உறுதியை இவர்களுக்குத் தருவது முறையாகாது.

கார்னெட்டா, யங்கா?

இனி விரிவுரையாளர். தாமஸ் கார்னெட் 1766இல் வடக்கு இங்கிலாந்தில் பிறந்த மருத்துவர். கிளாஸ்கோவில் ஆண்டர்சன் நிறுவனத்தில் புகழோடு பாடம் நடத்திக்கொண்டிருந்தவரை ரம்ஃபோர்டு லண்டனுக்கு அழைத்துவந்தார். 1800 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிட்யூஷனின் முதல் விரிவுரைகளை நிகழ்த்தியவர் கார்னெட்தான். விரைவிலேயே ரம்ஃபோர்டுக்கும் அவருக்கும் மனக்கசப்பு உண்டாயிற்று. 1801 ஜூனில் பதவி விலகி, லண்டனிலேயே தனியாக விரிவுரைகள் நடத்தி வாழ்ந்தார். ஏழைகளுக்கான மருந்தகத்தில் பணியாற்றியபோது டைஃபஸ் காய்ச்சல் தொற்றி 1802 ஜூன் 28இல் இறந்தார். கில்ரேயின் படம் வந்து ஐந்து வாரங்கள்தான் ஆகியிருந்தன.

தாமஸ் யங் 1773இல் சாமர்செட்டின் மில்வர்ட்டனில் பிறந்தவர். ஒளி அலையாகப் பரவுகிறது என்பதற்குச் சான்றுகளைத் தந்தவர்; பின்னாளில் எகிப்தின் ரொசெட்டா கல்வெட்டை வாசிப்பதிலும் முன்னோடியாக நின்றவர். 1801இன் பிற்பாதியில் கார்னெட் விட்டுச்சென்ற இடத்தில் இயற்கைத் தத்துவப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். 1802 ஜனவரியில் விரிவுரையைத் தொடங்கி 1803இல் பதவியை விட்டார்.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று விளங்கும். ஹிப்பிஸ்லி வாயுவை முகர்ந்தது 1800 மார்ச். அப்போது அங்கே விரிவுரையாளர் கார்னெட் ஒருவரே. டேவி அப்போது பிரிஸ்டலில் இருந்தார். யங் அந்த நிறுவனத்தில் இல்லை. படம் வெளியானது 1802 மே. அப்போது கார்னெட் அங்கிருந்து விலகி ஓராண்டு நெருங்கிவிட்டது. யங்கும் டேவியும் பதவியில் இருந்தார்கள்.

நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டால் விரிவுரையாளர் கார்னெட். அப்படியானால் பக்கத்தில் துருத்தியோடு டேவி இருப்பது காலத்துக்குப் பொருந்தவில்லை. வெளியீட்டுத் தேதியை அடிப்படையாகக் கொண்டால் விரிவுரையாளர் யங். அப்படியானால் ஹிப்பிஸ்லி பட்ட பாடு இரண்டாண்டுப் பழைய கதை. எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் படத்திலுள்ள எல்லோரும் அந்த அறையில் ஒன்றாக இருந்திருக்க முடியாது.

பாடப்பொருளைப் பார்த்தாலும் தராசு இரு பக்கமும் சாய்கிறது. கார்னெட் இயற்கைத் தத்துவம், வேதியியல் இரண்டையும் நடத்தியவர். வாயுச் சோதனை அவருடைய எல்லைக்குள் வரும். யங் நடத்தியது இயக்கவியல், ஒலி, ஒளி போன்றவை. வாயுக்கள் டேவியின் பங்கு. ஆனால் கில்ரே பாடத்திட்டத்தைப் பதிவு செய்ய உட்காரவில்லை. மூத்த பேராசிரியர் செலுத்த, இளைய வேதியியலாளர் துருத்தி ஊத என்று இருவரையும் ஒரே மேசைக்குப் பின்னால் நிறுத்தினால் கேலி எடுபடும் என்பது அவருக்குப் போதுமானது.

முகமும் தீர்ப்புச் சொல்லவில்லை. ரம்ஃபோர்டுக்குக் கிடைத்ததுபோல், பெயரோடு கில்ரே வரைந்த இன்னொரு படம் கார்னெட்டுக்கோ யங்குக்கோ கிடையாது. இருவருடைய உருவப்படங்களும் வேறு ஓவியர்கள் மரியாதையோடு வரைந்தவை. அவற்றோடு ஒப்பிடும்போது பார்ப்பவரின் எண்ணமே முடிவைத் தீர்மானிக்கிறது.

சான்றுகளை எடைபோட்டால் யங் பக்கமே தட்டு சற்றுத் தாழ்கிறது. கேலிச்சித்திரம் அன்றன்றைய சந்தைக்கான சரக்கு. 1802 மே மாதம் கடையின் சன்னலில் படத்தைப் பார்த்தவர் அப்போது ஆல்பெமார்ல் தெருவில் பேசிக்கொண்டிருந்த பேராசிரியரைத்தான் நினைத்திருப்பார். படத்தில் காலம் உறுதியாகத் தெரிந்த இன்னொரு பணியாளரான டேவியும் கார்னெட்டின் காலத்தில் சில மாதங்களே இருந்தவர். யங்குடன் பணியாற்றியது அதைவிட நெடுங்காலம். ஆயினும் இது உறுதியன்று, வாய்ப்பு மிகுதி மட்டுமே. ‘யங்காக இருக்கலாம், கார்னெட் என்றும் சொல்லப்படுகிறது’ என்று எழுதுவதே நேர்மையான பட்டியல் குறிப்பு.

முகம் ஒன்று, குறி ஒன்று

கேலிச்சித்திரத்தை ஆராயும்போது இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்க வேண்டும். வரையப்பட்ட முகம் யாருடையது என்பது முதல் கேள்வி. யாரைத் தாக்குகிறது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை எப்போதும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை.

கில்ரேயின் படத்தில் நடுவில் நிற்பவர் விரிவுரையாளர் என்பதால் அவரே கருப்பொருள் என்று கொள்வது எளிது. ஆனால் சான்று உறுதியாக உள்ள உருவங்களைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நிறுவனத்தை உருவாக்கிய ரம்ஃபோர்டு புன்னகையோடு நிற்கிறார். நிறுவனத்தை நிர்வகித்த ஹிப்பிஸ்லி அவமானப்படுகிறார். சுற்றி அமர்ந்திருப்போர் சந்தா கட்டி இடம்பிடித்த செல்வர்கள். எளிய தொழிலாளர்களுக்கும் பயன்படும் அறிவைப் பரப்புவதாகச் சொல்லித் தொடங்கிய நிறுவனம், சில ஆண்டுகளில் மேட்டுக்குடியின் பொழுதுபோக்குக் கூடமாகிவிட்டது என்ற விமரிசனம் அப்போது இருந்தது. அந்த மாற்றத்தின்மேல்தான் கில்ரேயின் கூர்மை பாய்கிறது. யாரை நிறுத்தினாலும் வேலை நடக்கும் இடம் விரிவுரையாளருடையது. ரம்ஃபோர்டையும் ஹிப்பிஸ்லியையும் எடுத்துவிட்டால்தான் கேலியின் பொருள் போய்விடும்.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் நேரும் பிழைகள் பல. படத்தை ‘டேவியின் விரிவுரை’ என்று குறிப்பவர்கள், புகழ்பெற்றவர் ஒருவர் படத்தில் இருந்தால் அவரே தலைவராக இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். 1802இல் டேவி இளம் வேதியியலாளர். அவருடைய பெரும் புகழெல்லாம் பின்னால் வந்தது. மயக்கமருந்தின் வரலாற்றில் இந்தப் படத்தைச் சேர்ப்பவர்களும் பின்னால் நடந்ததை முன்னால் ஏற்றிப் பார்க்கிறார்கள். அறுவைச் சிகிச்சையில் இந்த வாயு உதவக்கூடும் என்று டேவி 1800ஆம் ஆண்டு நூலில் எழுதியது உண்மை. ஆனால் பல் பிடுங்குவதற்கு அது பயன்பட்டது 1844இல்தான். கில்ரேயின் கூடத்தில் அமர்ந்திருப்பவர்கள் வலி நீக்கும் மருந்தைப் பார்க்க வரவில்லை. உற்சாகம் தரும் புதுமையைப் பார்க்க வந்தவர்கள்.

ஒரு பழைய கேலிச்சித்திரத்துக்குப் பெயர் சூட்டும் எவரும் நான்கு படிகளைக் கடக்க வேண்டும். தேதியைத் தகட்டிலிருந்தே எடுக்க வேண்டும். அந்தத் தேதியில் ஒவ்வொருவரும் எங்கே இருந்தார் என்று பார்க்க வேண்டும். ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகளாவது தேட வேண்டும். எவ்வளவு உறுதியோ அவ்வளவை மட்டுமே எழுத வேண்டும். கில்ரேயின் படத்தில் இந்த முறை ரம்ஃபோர்டையும் டேவியையும் ஹிப்பிஸ்லியையும் உறுதியாகத் தருகிறது. விரிவுரையாளர் யங்காக இருக்க வாய்ப்பு மிகுதி என்கிறது. கூட்டத்தில் உள்ளவர்களின் பெயர்களைப் பழைய விளக்கங்களின் பொறுப்பில் விடுகிறது. மூவகை விடைகளையும் தனித்தனியே குறித்துவைக்கும் விளக்கமே படத்துக்கும் வாசகருக்கும் நியாயம் செய்யும்.